ஆறு மாதம் எங்கே போனது?

கூடுவாஞ்சேரி நண்பர் ஒருவர் கேட்டார்: "ரெண்டு பேருக்கும் சம்மதம்னா வக்கீல் இல்லாமலே விவாகரத்து மனு போடலாமாமே? ஆறு மாசமும் காத்திருக்க வேண்டாமாமே?"

முதல் கேள்வி சுலபம். போடலாம். 1984 குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி அங்கே வக்கீல் வைத்துக்கொள்வது உரிமையே கிடையாது. நீதிமன்றம் அனுமதித்தால் உண்டு.

இரண்டாவதுக்காக அமர்தீப் சிங் வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை (2017) படித்தேன். இந்து திருமணச் சட்டம் 13-பி பிரிவு, ஒரு வருஷம் பிரிந்திருந்து மனு போட்டபின் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்கிறது. அது கட்டாயமில்லை என்றது தீர்ப்பு. ஆனா நிபந்தனையைப் பாருங்க: மனுவுக்கு முன்பே ஒன்றரை வருஷம் பிரிந்திருக்கணும். 12+6=18. கணக்கு அதேதான், வரிசைதான் வேறு. இவை இறுக்கமான நிபந்தனைகள் அல்ல என்று 2021இல் அமித் குமார் வழக்கில் விளக்க வேண்டியிருந்தது.

என் குறை வேறு. காத்திருப்பு என்பது மறுபடி சேர்ந்து வாழ ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான் என்று தீர்ப்பு பார்க்கிறது. சுரேஷ்தா தேவி வழக்கின்படி (1991) தீர்ப்பு வரும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். வற்புறுத்தலில் கையெழுத்துப் போட்டவருக்கு அந்த ஆறு மாதம்தான் கவசம். வக்கீலும் இல்லை, காத்திருப்பும் இல்லை என்றால் நீதிபதி கேட்கும் நாலு கேள்விதான் மிச்சம்.

நண்பரிடம் சொன்னேன்: மனுவை நீங்களே போடுங்க. ஜீவனாம்ச ஒப்பந்தத்தை மட்டும் உங்க மனைவி, அவங்க நம்புற ஒருத்தர்கிட்ட காட்டட்டும். அதுக்கப்புறம் விலக்கு கேளுங்க.