ஜிம்மிக்கு ஒரு பூசை

பாலக்கரையில் எதிர்வீட்டு டீச்சரின் ஜிம்மி போன மாதம் செத்துப்போனது. பதிமூன்று வருஷத்து நாய். டீச்சர் காலைப் பூசையைத் தவறவிடாதவர். ஒருநாள் வாசலில் நிறுத்தி, ‘‘தம்பி, ஜிம்மிக்கு ஒரு பூசை எழுதிவெச்சா சாமியார் திட்டுவாரா?’’ என்றார். பி.காம். படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது?

பதில் தெரியாமல் ஒரு சினிமாவை சிபாரிசு செய்தேன். ‘777 சார்லி’. 2022-ல் வந்த கன்னடப் படம். தமிழிலும் டப் ஆனது. கிரண்ராஜ் இயக்கம், ரக்ஷித் ஷெட்டி ஹீரோ. கேன்சர் வந்த நாய்க்குப் பனியைக் காட்ட இமயம் வரை அழைத்துப் போகிறான். அன்றைய கர்நாடக முதல்வர் பசவராஜ் பொம்மையே பார்த்துக் கண் கலங்கினார். நீளம்தான் ஜாஸ்தி. அழுது முடித்தவரை மறுபடி கிள்ளுகிறார்கள்.

ஆனால் கவனியுங்கள், ஹீரோ பெயர் தர்மா. நாயோடு இமயம் ஏறுகிறான். எங்கேயோ கேட்ட கதையாக இருக்கிறதா? மகாபாரதத்தின் கடைசியில், நாயை விட்டுவிட்டு வா என்கிறான் இந்திரன். அப்படியொரு சொர்க்கமே வேண்டாம் என்கிறார் தருமர். பிரமாதமான இடம். அடுத்த நிமிஷமே நாய் தர்மதேவதையாகிவிடுகிறது! தருமர் பரீட்சையில் பாஸ். சரி, நாய் எங்கே போச்சு? யாரும் கேட்பதில்லை. டீச்சருக்கு தேவதை எதற்கு? செருப்பைக் கடிக்கிற அந்த ஜிம்மிதான் வேண்டும்.

படம் இங்கேதான் வியாசரை விட்டு விலகுகிறது. சார்லி கடைசிவரை நாய்தான், நாயாகவே சாகிறது. இதற்காகவே மற்ற பிழிச்சல்களை மன்னித்தேன்.

ஜடாயுவை எடுத்துக்கொள்ளுங்கள். ராமரால் காப்பாற்ற முடியவில்லை. அழுதார், தகப்பனுக்குச் செய்வதுபோல கொள்ளி வைத்தார். பறவை கடைசிவரை பறவையாகவே இருந்தது. அந்தக் கருமம் நடந்த இடம் என்று கும்பகோணம் பக்கம் புள்ளபூதங்குடியைச் சொல்கிறார்கள். திருமங்கையாழ்வார் பாடிய திவ்யதேசம்.

டீச்சரிடம் இதைச் சொன்னேன். ‘‘உங்க சாமி செஞ்சுட்டாரு. எங்க சாமியார்ல செய்யணும்?’’ என்றார். மிருகங்களுக்கும் சொர்க்கம் உண்டு என்று போப் பிரான்சிஸ் சொன்னதாக 2014-ல் உலகமெல்லாம் செய்தி வந்தது. அவர் அப்படிச் சொல்லவில்லை என்று சில நாளிலேயே திருத்தமும் வந்தது. டீச்சர் முதல் செய்தியை மட்டும் படித்திருக்கிறார். நானும் மேற்கொண்டு பேசவில்லை.

பூசைக்கு எழுதிவைத்துவிட்டாராம். எந்தக் கோயில் என்று சொல்லமாட்டேன். பெயரை வாசித்தபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லையாம். எங்கள் பேட்டையில் ஜிம்மி என்று மனுஷர்களும் இருக்கிறார்கள்.