பத்துத் திங்கள்: கணக்கும் கணக்கிடுவோரும்

‘பத்து மாதம் சுமந்து பெற்றவள்’ என்னும் தொடர் தமிழில் தாய்மையைச் சுட்டும் வாய்பாடாகிவிட்டது. மேடைப் பேச்சிலும் இரங்கலுரையிலும் அது தடையின்றி வழங்குகின்றது. வைத்தியசாலைக்குச் செல்லும் கர்ப்பிணிக்கோ நாற்பது வாரம் என்று கூறப்படுகின்றது. நாட்காட்டியைப் புரட்டி எண்ணுவோர் ஒன்பது மாதமும் சில நாட்களும் என்பர். இவற்றுள் எது சரி என்று கேட்பதோடு பெரும்பாலோர் அமைந்துவிடுகின்றனர். எந்த நாளிலிருந்து எண்ணப்படுகின்றது, எண்ணுபவர் யார் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. சூல் மாதங்களை எண்ணும் பழந்தமிழ்ப் பாடல்கள் சிலவற்றை இவ்வினாக்களோடு அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தகைய பாடல்களைப் பற்றி நம்மிடையே இருவகை மனப்பாங்குகள் நிலவுகின்றன. திருவாசகத்திலே கருவியல் முழுவதும் அடங்கியுள்ளது, மேனாட்டார் பின்னர்க் கண்டதை நம்மவர் முன்னரே பாடிவிட்டனர் என்று பெருமிதம் கொள்வது ஒன்று. அறிவியல் வளராத காலத்துக் கற்பனை என அவற்றைத் தள்ளிவிடுவது மற்றொன்று. முதலாவது பழம்பெருமை, இரண்டாவது பகுத்தறிவு என்று தோன்றினாலும் இரண்டும் செய்யும் பிழை ஒன்றுதான். பாடலைப் பாடநூலாகக் கொண்டு அதற்குப் புள்ளியிடுகின்றன.

மருத்துவக் கணக்கை முதலில் நோக்குவோம். பேற்று நாளை மதிப்பிடுவதற்கு இன்றும் வழங்கும் எளிய விதி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த நேகலே என்னும் ஜெர்மானிய மருத்துவரின் பெயரால் அறியப்படுவது. கடைசி மாதவிடாயின் முதல் நாளோடு ஏழு நாட்களைக் கூட்டி, மூன்று மாதம் பின்சென்று, ஓராண்டு முன்செல்ல வேண்டும். ஜனவரி 1 அந்த முதல் நாளாயின் ஒக்டோபர் 8 பேற்று நாளாகும். இடைப்பட்டவை 280 நாட்கள். இக்கணக்கின் முதலிரு வாரங்களில் கருவே இல்லை. கருத்தரிப்பு நிகழ்ந்த நாளை உறுதியாக அறிவது அரிதாகையால், அறியக்கூடிய ஒரு நாளிலிருந்து எண்ணத் தொடங்குகின்றனர். அந்த நாளை அறிந்தவள் அப்பெண் ஒருத்தியே என்பது இங்கு மனங்கொள்ளற்பாலது. அறிவியலின் கணக்கு அவளது சாட்சியத்தின் மீதே எழுப்பப்பட்டுள்ளது. மாதவிடாய் ஒழுங்கற்றிருப்பின், அல்லது நாள் நினைவில் இல்லையாயின், முதல் பதின்மூன்று வாரங்களுக்குள் ஸ்கான் மூலம் கருவின் நீளத்தை அளந்து நாளைத் திருத்திக்கொள்ளலாம். அங்ஙனம் திருத்திய நாளிலேனும் பிள்ளை பிறக்குமா எனின், குறித்த நாளிலேயே பிறப்பவை நூற்றுக்கு ஐந்தளவே. 37 வாரம் நிறைந்ததிலிருந்து 42 வாரம் வரை இயல்பான எல்லைக்குட்பட்டதே.

இனி நமது வழக்கைப் பார்ப்போம். கருவுற்றவளை ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்கிறோம். மாதவிலக்கின்பின் தலைமுழுகும் வழக்கத்திலிருந்து பிறந்த தொடர் இது. ‘மூன்று மாதம் முழுகாமல்’ என்றால் மூன்று முழுக்குகள் தவறின என்பது பொருள். 28 நாட்களுக்கு ஒரு முறை என்று கொண்டால், முதல் முழுக்கு நான்காம் வார முடிவை ஒட்டித் தவறும். பத்தாவது முழுக்கு நாற்பதாம் வார முடிவை ஒட்டித் தவறும். நேகலேயின் 280ஆம் நாள் அதுவேயன்றோ! பத்து மாதம் என்பது கதிரவன் மாதமும் அன்று, திங்கள் மாதமும் அன்று. பெண்ணின் உடல் தானே எண்ணும் மாதம் என்று கொள்ளின் கணக்கில் பிழை ஏதும் இல்லை. இவ்வழக்கு அவ்வாறுதான் தோன்றிற்று என நிறுவச் சான்று போதாது. ஆயினும் மொழிக்குள் பெண்களின் கணக்கொன்று புதைந்து கிடக்கின்றது என்று கருத இடமுண்டு.

இலக்கியத்தில் இக்கணக்கு யாருடையதாகின்றது? மாணிக்கவாசகரின் போற்றித் திருவகவல் கருப்பையில் கழியும் பத்து மாதங்களையும் ஒவ்வொன்றாக எண்ணிச் செல்கின்றது. ஒவ்வொரு மாதமும் உயிர் தப்பிய ஓர் இடராகவே கூறப்படுகின்றது. முதல் மாதத்தில் இரண்டாகப் பிளவுபடாது தப்புகிறது கரு. நான்காம் மாதத்தில் பேரிருளினின்று தப்புகிறது. ஏழாம் மாதத்தில் நிலத்தில் வீழ்ந்துவிடாது தப்புகிறது. வளர்ச்சி நிலைகளை விவரிப்பது இப்பகுதியின் நோக்கமன்று. கண் எப்போது, கை எப்போது என்ற செய்தியை இதில் தேடுவோர் ஏமாறுவர். பிறவி எத்துணை இடர்களைக் கடந்து கிடைத்தது என்று உணர்த்துவதே நோக்கம். எண்ணுபவர் கருவினுள் இருந்த உயிர். ஆகவே தாய் தொடக்கத்தில் வெறும் வயிறாகவே குறிக்கப்படுகிறாள். இடைப்பட்ட மாதங்களில் அவள் இல்லை. பத்தாம் மாதத்திலேதான், துன்பக்கடலில் அவ்வுயிரோடு சேர்ந்து துயருறுபவளாக வருகிறாள். அந்த ஓரிடத்தில் பாடலின் நோக்குநிலை சற்று நெகிழ்கின்றது. அகவலின் இப்பகுதியில் மிகவும் மனிதத்தன்மை வாய்ந்த கணம் அதுவே என்பது என் கருத்து. பட்டினத்தார் தாயின் சிதைமுன் பாடியவற்றில் அதே பத்து மாதம் மகன் தீர்க்கமுடியாத கடனாக மாறுகின்றது. அங்கும் எண்ணுபவன் மகனே.

குறுந்தொகையின் 287ஆம் பாடல் இவற்றினின்றும் வேறுபட்டது. கச்சிப்பேட்டு நன்னாகையார் பாடியது அது. கார்காலம் வந்துற்றது; இதனைக் கண்டும் காதலர் பிரிந்திருப்பாரோ என்று வினவும் அப்பாடலில், நீர் சுமந்து மேலேற மாட்டாது மலையை நோக்கி நகரும் முகிலுக்கு நிறைசூல் மகளிர் உவமையாகின்றனர். அவர்கள் சுமக்கும் காலமாகப் பன்னிரண்டு திங்கள் கூறப்படுகின்றது! கணக்குப் பார்ப்போர் இடர்ப்படும் இடம் இது. அந்தப் பன்னிரண்டு முகிலுக்குரியது என்றே நான் கொள்வேன். ஒரு காருக்கும் அடுத்த காருக்கும் இடைப்பட்ட காலம் ஓராண்டு. காத்திருப்பவளுக்கும் அதே ஆண்டுதான். பொருளின் கணக்கு உவமையினுள் புகுந்துவிட்டது. ஆனால் உடலைப் பற்றிய அவதானம் சிறிதும் பிழைபடவில்லை. பச்சைப் புளியின் மீது எழும் வேட்கை சூலின் தொடக்க மாதங்களில் மிகுதியாகக் காணப்படுவது. அடியெடுத்து வைக்கவியலாத் தளர்ச்சி இறுதி மாதங்களுக்கு உரியது. இரு பருவங்களையும் ஒரே உடலில் அடுத்தடுத்து நிறுத்தி, சூற்காலம் முழுவதையும் சில சொற்களில் அடக்கிவிடுகிறார் புலவர். முன்னைய இரு பாடல்களிலும் காணப்படாத ஒன்று இங்குண்டு: அவள் எதை விரும்பினாள், அவளால் எது இயலவில்லை என்பது.

தமிழில் நவீன மருத்துவ உரைநடை தோன்றியபோது இக்கேள்வி வேறு வடிவில் எழுகின்றது. 1847இல் இலங்கைக்கு வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1850களில் ‘பிரசவ வைத்தியம்’ நூலைத் தமிழில் வெளிக்கொணர்ந்தார். தாய்மொழியில் அறிவியல் கற்பிக்க முடியும் என்பதற்கு அது என்றும் எடுத்துக்காட்டப்பட வேண்டிய முயற்சி. எனினும் கிறீனின் மாணவர்கள் ஆடவர். பிள்ளைப்பேறு பற்றிய தமிழ் உரைநடை ஆடவர் ஆடவருக்கு எழுதியதாகத் தொடங்கிற்று. ஊரின் மருத்துவிச்சிகள் அறிந்திருந்தது அதில் எவ்வளவு இடம்பெற்றது என்பது தனியே ஆராயத்தக்கது.

மருத்துவிச்சிகள் அறிந்தவை யாவும் போற்றத்தக்கன என்பதும் அன்று. ஏழாம் மாதப் பிள்ளை தப்பும், எட்டாம் மாதப் பிள்ளை தப்பாது என்னும் நம்பிக்கை நம் ஊர்களில் நெடுங்காலம் வழங்கியது. பண்டைய கிரேக்கரிடமும் இதனையொத்த கருத்து இருந்தது. உண்மை இதற்கு நேர்மாறானது. கருப்பையில் கழியும் ஒவ்வொரு வாரமும் பிள்ளையின் நுரையீரலுக்கு வலுவூட்டுகின்றது. எட்டாம் மாதத்தில் பிறப்பதே தப்பும் வாய்ப்பு மிக்கது. இந்நம்பிக்கையால் கைவிடப்பட்ட பிள்ளைகளை நினைக்கையில், மரபு எனும் சொல்லைச் சற்றுத் தயக்கத்துடனேயே உச்சரிக்க வேண்டியுள்ளது.

பேற்று நாளை மதிப்பிடுவது நூலாராய்ச்சியோடு முடியும் காரியமன்று. இலங்கையின் 1939ஆம் ஆண்டு மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பேற்றுக்கு முந்திய காலத்தையும் பிந்திய காலத்தையும் பிரித்து நோக்குகின்றது. மூன்றாம் பிள்ளை முதலாக விடுமுறையைப் பாதியாகக் குறைத்திருந்த ஏற்பாடு 2018இல் நீக்கப்பட்டு, உயிருடன் பிறக்கும் எப்பிள்ளைக்கும் 84 நாட்கள் என்றாயிற்று. அவற்றுள் இரு வாரங்கள் பேற்றுக்கு முன்னர் எடுக்கத்தக்கவை. நாள் இரு வாரம் பிந்திக் குறிக்கப்பட்டால், மலையகத்தில் கொழுந்து பறிக்கும் பெண் நோவு எடுக்கும் வரை கூடை சுமக்க நேரும். குடும்பநல மருத்துவமாது முதற் சந்திப்பிலேயே அவளிடம் கேட்பது கடைசியாக மாதவிலக்கு வந்த நாள் எது என்பதையே. அவள் நினைவுகூர்ந்து சொல்லும் அந்த நாள் அட்டையில் எழுதப்படுகின்றது. ஏனைய எண்கள் யாவும் அதன் கீழே வருகின்றன.