புண்ணும் வடுவும்: சிங்கப்பூர்த் தமிழில் தோல்நோய்ச் சொற்கள்

முன்னுரை

உள்ளுறுப்புகளில் தோன்றும் நோய்களுக்கு மருத்துவரே பெயரிடுகிறார். தோலில் தோன்றும் நோய்க்கோ, மருத்துவரைக் காணும் முன்பே நோயாளி பெயரிட்டுவிடுகிறார். அது அவர் கண்ணுக்குத் தெரிகிறது, கைக்குத் தட்டுப்படுகிறது, அரிக்கிறது, எரிகிறது. ஆகவே, சிறுநீரகம், கணையம் முதலியவற்றின் நோய்களைத் தமிழில் எழுதும்போது நேரும் சொற்பஞ்சம் தோல்நோய்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் நேர்வதில்லை. பெயர்கள் முன்னரே உள்ளன. அவற்றை அறிந்து, தேர்ந்து, தேவைப்படுமிடத்து விலக்கி எழுதுவதே மொழிபெயர்ப்பாளரின் பணியாகிறது.

சிங்கப்பூரின் அதிகாரத்துவ மொழிகள் நான்கனுள் தமிழும் ஒன்று. எனவே உடல்நலம் பற்றிய அறிவிப்புகளும் துண்டறிக்கைகளும் தமிழிலும் எழுதப்பெறுகின்றன. சிராங்கூன் சாலையின் நாட்டு மருந்துக் கடையில் "படைக்கு மருந்து" கேட்கும் ஒருவர், சிறிது தொலைவில் மண்டலே சாலையில் உள்ள தேசியத் தோல் நிலையத்திற்கும் செல்லக்கூடும். 1988ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்நிலையத்தில் அவருடைய நோய்க்கு வேறொரு பெயர் வழங்கும். இவ்விரு பெயர்களையும் இணைப்பதில் மருத்துவத் தமிழ் எங்கே வெல்கிறது, எங்கே தவறுகிறது என்பதை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வழக்குச் சொற்களின் நுண்மை

தோல், காயம் ஆகியவை பற்றிய தமிழ்ச் சொற்கள் ஒரு பொருள் குறித்த பல சொற்கள் அல்ல. வேறுபாடு காட்டும் சொற்கள். சிராய்ப்பு, கீறல், வெட்டு, குத்து என்பன காயம் நேர்ந்த முறையைச் சுட்டுகின்றன. தோல் கிழியாமல் உள்ளே இரத்தம் கட்டினால் அது கன்றிப்போதல். கொப்புளத்தில் இருப்பது நீர். கட்டி பழுத்தால் வருவது சீழ். புண் காயும்போது மேலே படிவது பொருக்கு. ஆறியபின் எஞ்சுவது தழும்பு அல்லது வடு. நாவடக்கம் பற்றிய புகழ்பெற்ற குறள், புண் ஆறக்கூடியது, வடு நிலைத்து நிற்பது என்னும் வேறுபாட்டின்மேல்தான் அமைந்துள்ளது. போர்முனையில் மார்பிலும் முகத்திலும் பட்ட புண்ணை விழுப்புண் என்றும், முதுகிற் பட்டதைப் புறப்புண் என்றும் பிரித்த மரபும் நாம் அறிந்ததே.

நோய்ப் பெயர்களிலும் இந்நுண்மை உண்டு. வட்டமாக ஓரம் சிவந்து பரவுவது படர்தாமரை. நீர் கசிந்தும் செதில் உதிர்ந்தும் அரிப்பது கரப்பான். நிறம் வெளுத்து மெலிதாகப் படர்வது தேமல். கால்விரல் இடுக்கில் ஈரத்தால் வருவது சேற்றுப்புண். கடித்தது எது என்று தெரியாமலேயே உடலெங்கும் தடிப்புத் தோன்றுவது காணாக்கடி. கடைசிச் சொல்லில் நோயின் தோற்றமும், காரணம் புலப்படாமையும் ஒருங்கே அடங்கியிருத்தல் கருதத்தக்கது.

கிறீன் காட்டிய வழி

மேலை மருத்துவத்தைத் தமிழில் எழுதும் முயற்சி நமக்குப் புதியதன்று. 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவருடைய முயற்சியால் வெளிவந்த நூல்களுள் 1867ஆம் ஆண்டின் 'இரண வைத்தியம்' அறுவை மருத்துவம் பற்றியது. வழக்கிலுள்ள தமிழ்ச்சொல்லை முதலில் நாடுதல், அஃது அமையாதபோது வடசொல்லைக் கொள்ளுதல், அதுவும் பொருந்தாதபோது ஆங்கிலச் சொல்லை ஒலிபெயர்த்தல் என்பது அவர் கைக்கொண்ட முறை.

கிறீனின் சொற்கள் அனைத்தும் நிலைக்கவில்லை. உடற்கூற்றியலுக்கு அவர் வழங்கிய 'அங்காதிபாதம்', வேதியியலுக்கு வழங்கிய 'கெமிஸ்தம்' ஆகியவை இன்று வழக்கொழிந்தன. புண், சீழ், கட்டி, முறிவு முதலியவையோ அவருக்கு முன்பும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. புதிதாக ஆக்கிய சொல் கல்விமுறை மாறும்போது மாறிவிடுகிறது. நோயாளியின் நாவில் உள்ள சொல் நிலைத்துவிடுகிறது. இதனாலேயே கிறீன் தம் முறையில் வழக்குச் சொல்லை முதலில் வைத்தது இன்றைக்கும் பொருந்துகிறது எனலாம்.

சிங்கப்பூர்ச் சூழல்

எனினும், 'வழக்குச் சொல்' என்னும்போது யாருடைய வழக்கு என்ற வினா எழுகிறது. சிங்கப்பூரில் தமிழ் மருத்துவ அறிவிப்பைப் படிப்போர் ஒரே குழுவினர் அல்லர். இங்கேயே பிறந்து முதுமையடைந்தோர், தமிழகத்திலிருந்து கட்டுமானத் தளங்களுக்கும் கப்பல் பட்டறைகளுக்கும் வந்துள்ள தொழிலாளர், பள்ளியில் தமிழைப் பாடமாகப் பயின்ற இளையோர் என மூவகையினரை எண்ணலாம். இவர்களோடு யாழ்ப்பாண மரபினரும் உண்டு. தமிழகத்தார் சின்னம்மை என்பதை யாழ்ப்பாணத்தார் கொப்புளிப்பான் என்பர். தட்டம்மையைச் சின்னமுத்து என்பர். 'சின்ன' என்னும் அடை இரு வழக்குகளில் இரு வேறு நோய்களைச் சுட்டுவதால், தடுப்பூசி பற்றிய அறிவிப்பில் பெயரை மட்டும் தருவது போதாது; கொப்புளமா, தட்டையான சிவப்புத் தடிப்பா என்று ஒரு தொடரில் விளக்குதல் வேண்டும்.

வேறுபாடு மறைதல்

மொழிபெயர்ப்பில் நேரும் முதற்குறை, பல சொற்கள் இருந்த இடத்தில் ஒரே சொல் அமர்வது. 'தோல் அழற்சி', 'ஒவ்வாமை', 'தொற்று' ஆகிய பொதுச்சொற்கள் துண்டறிக்கைத் தமிழில் எங்கும் பரவியுள்ளன. இவை பிழையான சொற்கள் அல்ல. நோயின் வகையைச் சொல்வன. ஆனால் வகைப்பெயர் நோயைக் காட்டாது. ஸ்டீராய்டு களிம்பு கரப்பானைத் தணிக்கும். அதையே பூஞ்சையால் வரும் படர்தாமரைமீது தடவினால் அரிப்பும் சிவப்பும் சற்றுக் குறையும். நோயோ அடியில் பரவும். 'தோல் அழற்சிக்கு' என்று மட்டும் எழுதப்பட்ட குறிப்பைப் படிப்பவர், தம் படர்தாமரையும் அதனுள் அடங்கும் என்றே கொள்வார். 'கரப்பானுக்கு உரியது, படர்தாமரைக்குத் தடவலாகாது' என எழுதினால் ஐயத்திற்கு இடமில்லை. இங்கு நாட்டுச்சொல்லே துல்லியமான சொல்லாகிறது.

இரண்டாவது குறை, சொல்லுக்குச் சொல் பெயர்த்தல். 2000ஆம் ஆண்டு சிங்கப்பூரில் சிறுவர்களிடையே பரவிப் பாலர் பள்ளிகள் மூடப்படக் காரணமான நோயை எண்ணுக. 'கை, கால், வாய் நோய்' என்பது ஆங்கிலப் பெயரின் நேர்ப்பெயர்ப்பு. உறுப்புகளைச் சொல்கிறதேயன்றி அவற்றில் நேர்வதைச் சொல்லவில்லை. 'கை, கால், வாய்ப்புண் நோய்' என்னும் வடிவத்தில் 'புண்' என்ற ஒரு சொல் சேர்ந்தவுடன், குழந்தையின் வாயைத் திறந்து பார்க்கவேண்டும் என்பது தாய்க்கு விளங்கிவிடுகிறது.

தொழிலாளியின் புண்

சொற்றேர்வு பொருளிழப்பாக மாறும் இடம் தொழிலாளர் நலம். ஈரச் சிமெண்டு கடுங்காரத் தன்மை உடையது. காலணிக்குள் அது புகுந்தால் தொடக்கத்தில் வலி தெரியாமலேயே தோல் வெந்துவிடும். சிமெண்டிலுள்ள குரோமியச் சேர்மம் நாட்பட்ட ஒவ்வாமையையும் உண்டாக்கும். இவ்வாறு வந்த புண்ணை விரலிடுக்கில் காணும் தொழிலாளி, ஊர் வழக்கப்படி அதனைச் 'சேற்றுப்புண்' என்று சொன்னால், கேட்பவர் பூஞ்சை நோய் என்று கொள்வார். நோய்க்கும் வேலைக்கும் உள்ள தொடர்பு அச்சொல்லிலேயே அறுந்துபோகிறது. மறுபுறம், 'தீப்புண்' என்னும் சொல்லும் இங்குப் பொருந்தாது; தீ இல்லை. 'வேதிப்பொருள் தீக்காயம்' என்னும் ஆக்கம் தளத்தில் நிற்பவருக்கு எளிதில் விளங்குவதன்று. ஆனால் வெற்றிலையில் சுண்ணாம்பு மிகுந்தால் 'நாக்கு வெந்துவிட்டது' என்று கூறும் வழக்கு நம்மிடம் உள்ளது. தீயின்றிக் காரத்தால் வேகும் நிலையைத் தமிழ் முன்னரே பெயரிட்டு வைத்திருக்கிறது. 'சிமெண்டு பட்டு வெந்த புண்' என்றால் எவருக்கும் புரியும்.

இதனினும் நுட்பமான சிக்கல் 'காயம்' என்னும் சொல்லில் உள்ளது. சிங்கப்பூரின் 2019ஆம் ஆண்டு வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம், பட்டியலிடப்பட்ட தொழில்சார் நோய்களையும் உள்ளடக்கியது. தொழில்சார் தோல்நோய்கள் அவற்றுள் அடங்கும். தமிழில் காயம் என்றால் வெட்டு, அடி, குருதி என்றே மனம் கொள்ளும். மாதக்கணக்கில் மெல்லத் தோன்றும் அரிப்பையும் வெடிப்பையும் எவரும் காயம் என்பதில்லை. எனவே சட்டத்தின் பெயரைத் தமிழில் மட்டும் படிக்கும் தொழிலாளி, தம் கைந்நோய் அதற்குள் வரும் என எண்ணாமலே விட்டுவிட இடமுண்டு. பெயரை மாற்றுதல் எளிதன்று. 'வேலையால் வரும் காயமும் நோயும்' என்று விளக்கத்திலேனும் சேர்த்து எழுதுதல் இன்றியமையாதது.

சொல் இழைக்கும் தீங்கு

வழக்குச் சொல் என்பதனாலேயே ஒன்று ஏற்புடையதாகிவிடாது. இதற்குத் தக்க சான்று 'வெண்குட்டம்'. சித்த மருத்துவத்தில் குட்டம் என்பது பதினெட்டு வகைப்பட்ட தோல்நோய்த் தொகுதியின் பெயர். பிற்கால வழக்கில் அது தொழுநோய் ஒன்றனையே குறிப்பதாகச் சுருங்கிற்று. பொருள் சுருங்கியபின்னும் 'வெண்குட்டம்' என்ற தொடர் நீடித்ததால், நிறமிச் செல்களின் இழப்பால் தோல் வெளுக்கும் ஒரு நிலை, தொழுநோயின் ஒரு வகைபோலத் தோற்றமளித்தது. அது தொற்றுவதன்று, தொழுநோய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. எனினும் பெயரின் காரணமாகத் திருமணங்கள் தடைப்பட்டன, உடன்பிறந்தோரும் விலக்கப்பட்டனர். பாதிக்கப்பட்டோர் நடத்திய இயக்கத்தின் விளைவாகத் தமிழக அரசு 2010ஆம் ஆண்டு 'வெண்புள்ளிகள்' என்னும் பெயரை ஏற்றது. அகராதிகளில் பழஞ்சொல் பொருள்வரலாற்றுடன் இருக்கட்டும். மருத்துவ அறிவிப்பிலும் பாடநூலிலும் அதற்கு இடமளித்தல் தகாது.

அண்மைச் சான்று குரங்கம்மை. அப்பெயர் இழிவுக்கு இடமளிப்பதாகக் கருதி உலகச் சுகாதார நிறுவனம் 2022 நவம்பரில் 'எம்பாக்ஸ்' என்ற பெயரைப் பரிந்துரைத்தது. ஆங்கிலத்தில் விலக்கப்பட்ட குரங்கு தமிழில் இன்னும் நிற்கிறது. அதே வேளையில், 'எம்பாக்ஸ்' என்னும் ஒலிபெயர்ப்பு முதியோருக்கு எதையும் உணர்த்துவதில்லை. 'அம்மை' என்றாலோ கொப்புளம், காய்ச்சல், தனிமை ஆகிய யாவும் உடனே நினைவுக்கு வருகின்றன. 1827இல் தோன்றிய சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் இந்நகரில் அச்சொல்லின் பண்பாட்டு ஆழத்திற்குச் சான்று. 'எம்பாக்ஸ் அம்மை' என இரண்டனையும் இணைத்தால் இழிவு நீங்கும், அறிவுறுத்தல் எஞ்சும்.

நாட்டுச் சொல்லின் எல்லை

நாட்டுச் சொற்கள் தளர்ந்த பொருளுடையன. அவற்றைக் கொண்டு மருத்துவம் எழுத இயலாது என்பார் கூற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. 'அக்கி' இதற்கு எடுத்துக்காட்டு. சின்னம்மை நுண்மி நரம்பில் உறங்கிப் பின்னர் விழித்தெழுவதால் வரும் கொப்புள வரிசையை அக்கி என்கிறோம். வேறு சில கொப்புளங்களையும் அவ்வாறே அழைக்கிறோம். மேலும், அக்கி என்றதும் மட்பாண்டத் தொழிலாளர் காவிமண் குழைத்து 'அக்கி எழுதும்' வழக்கமும் உடன் நினைவுக்கு வருகிறது. இந்நோய்க்கான மருந்தைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்திற்குள் தொடங்குதல் நன்று. கண்ணருகே வந்தால் பார்வைக்கே ஊறு நேரலாம். ஆகவே அச்சொல்லைத் தனியே விட்டால், காலந்தாழ்த்தும் பழக்கத்தையும் அது உடனழைத்து வரும்.

இதற்குத் தீர்வு அச்சொல்லை நீக்குவதன்று. அதை நீக்கினால் அறிவிப்பு தமக்குரியது என்பதையே நோயாளி அறியார். 'அக்கி' என்று தொடங்கி அவரை அழைத்து, அதன் காரணத்தையும் காலவரையறையையும் அடுத்த தொடரில் கூறி, மருத்துவப் பெயரை அதன்பின் தருதலே முறை.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து தோல்நோய்ச் சொல் ஒன்றை மதிப்பிட மூன்று அளவுகோல்களைப் பெறலாம். நோயாளி அதனைத் தம் நோயாக அடையாளம் காண்கிறாரா? மருத்துவம் வேறுபடும் இடத்தில் சொல்லும் வேறுபடுகிறதா? அச்சொல் நோயாளிக்கு இழிவையோ இழப்பையோ தேடித் தருகிறதா? 'தோல் அழற்சி' இரண்டாவதில் தவறுகிறது. 'வெண்குட்டம்' மூன்றாவதில் தவறுகிறது. 'எம்பாக்ஸ்' முதலாவதில் தடுமாறுகிறது. 'படர்தாமரை' மூன்றிலும் தேறுகிறது.

இதில் தமிழாசிரியர்க்கும் பங்குண்டு. சிராய்ப்பு, பொருக்கு, தடிப்பு, கன்றிப்போதல் ஆகியவை இலக்கியச் சொற்கள் அல்ல என்பதால் வகுப்பறைக்குள் எளிதில் நுழைவதில்லை. வீட்டிலும் ஆங்கிலம் பேசும் மாணவர் அவற்றை வேறெங்கும் கேட்பதும் அரிது. பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, அவர் சொல்வதை மருத்துவரிடம் எடுத்துரைப்பவர் பெரும்பாலும் அம்மாணவரே. 'எரியுது' என்பதற்கும் 'அரிக்குது' என்பதற்கும் உள்ள வேறுபாடு அவருக்குத் தெரியாவிடின், எத்துணைச் சிறந்த துண்டறிக்கையும் அந்த அறையில் பயன்படாது. விழுப்புண்ணைக் கற்பிக்கும் பாடவேளையிலேயே முழங்கால் சிராய்ப்புக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்கலாம்.