சோறு கட்டிய கையும் கேள்வி கேட்ட வாயும்

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து சாம்பார் சாதம் பொட்டலம் கட்டினோம். அந்த அன்பை எல்லோரும் கொண்டாடினார்கள். ஏரிக்கரையும் அடையாற்றின் ஓரமும் எப்படி வீட்டுமனைகளாயின என்ற கேள்வி பாராட்டில் அமுங்கிப்போனது.

2021இல் தாம்பரம் மாநகராட்சியானது. மறு ஆண்டு, பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட மேயர் பதவிக்கு வசந்தகுமாரி கமலக்கண்ணன் வந்தார். 2022 நவம்பர் 1 அன்று பம்மலில் நடந்த சபைக் கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். கேள்வி கேட்கச் சட்டப்படி ஓர் இடம் கிடைத்துவிட்டது என்று நம்பினேன்.

பிறகு எங்கள் பகுதிக் கூட்டத்தில் பக்கத்து வீட்டு அக்கா எழுந்து மழைநீர் வடிகால் பற்றிக் கேட்டார். "வெள்ளத்தப்போ அவ்ளோ உதவி பண்ணவங்க, இப்படிக் கோபப்படலாமா?" என்றார் ஒருவர். அக்கா உட்கார்ந்துவிட்டார். நானும் பேசவில்லை, அது இன்றும் உறுத்துகிறது.

பெண்ணின் கனிவைப் புகழ்கிறவர்கள் அதையே அவள் வாய்க்குப் பூட்டாகவும் போடுகிறார்கள். பொட்டலம் கொடுக்கப் போனதால்தான் தண்ணீர் எந்த வழியாக வந்தது, எந்த வீட்டில் எவ்வளவு நின்றது என்று அக்காவுக்குத் தெரியும். அந்த அறிவுதான் கேள்வியாக எழுந்தது. அதைக் கோபம் என்று சொல்லி உட்காரவைப்பது விவாதம் ஆகாது.