மிதி படகு: வலது பக்கம் தள்ளினால் எந்தப் பக்கம் போகும்?

விடுமுறைக்குப் போன ஊரில் படகை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டால், தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட ஒரே வண்டிதான் கிடைக்கும்: மிதி படகு. மோட்டார் படகு என்றால் ஓட்டுநர் கூடவே வருவார். நமக்கு உட்கார்ந்து செல்ஃபி எடுக்கும் வேலை மட்டும்தான். துடுப்பு படகையும் பல ஏரிகளில் துடுப்புக்காரரோடுதான் அனுப்புகிறார்கள். பிச்சாவரத்தில் அது நியாயம். சுரபுன்னைக் காட்டுக்குள் நம்மைத் தனியாக விட்டால் சாயங்காலம் தேடிக்கொண்டு வர வேண்டியிருக்கும். ஒரே பார்வையில் நான்கு கரையும் தெரிகிற மலை ஏரியில் அந்தப் பயம் கிடையாது. ஆனாலும் படகை முழுசாக நம் பொறுப்பில் விடுவது மிதி படகில்தான்.

இந்தக் கோடை முழுக்க எனக்கு அதுவே வாகனமாகிவிட்டது. காரணம், நான் இருக்கும் திருத்தணி. மலை இருக்கிறது, 365 படி இருக்கிறது, ஆடிக் கிருத்திகைக்குச் சரவணப் பொய்கையில் மூன்று நாள் தெப்பம் இருக்கிறது. ஆனால் தெப்பத்தில் வலம் வருவது முருகன். நமக்குக் கரையில் நின்று கும்பிடத்தான் இடம். மாவட்டத்துக்குள் தேடினால், 1944-இல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கம் சென்னைக்காரர்கள் குடிக்கிற தண்ணீர். அங்கே மிதி படகை எதிர்பார்க்கக் கூடாது. பழவேற்காட்டில் படகுகள் உண்டு, அவை மீனவர்கள் பிழைப்புக்கு ஓட்டுகிறவை. ஆகவே திருத்தணிக்காரன் கால் மிதிக்க வேண்டுமானால் அரக்கோணம் போய், ஜோலார்பேட்டைக்கு ரயில் பிடித்து, பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறி ஏலகிரி புங்கனூர் ஏரிக்குப் போக வேண்டும். இல்லையென்றால் சென்னையைத் தாண்டி முட்டுக்காடு. நான் இரண்டு பக்கமும் அலைந்தேன். நடுவில் கோடைக்கானலும் சேர்ந்துகொண்டது.

வண்டியின் விவரங்களை எல்லோரும் அறிவீர்கள். ஃபைபர் உடம்பு, இரண்டு இருக்கை அல்லது நான்கு இருக்கை, மேலே வெயிலுக்கு ஒரு கூரை, குழந்தைகளைக் கவர அன்னத்தின் தலையோ டால்ஃபினோ. முன்னால் இருப்பவர்கள் மிதிக்க, அடியில் துடுப்புச் சக்கரம் சுழலும், பின்னால் சுக்கான் திருப்பும். இதில் எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் முளைத்திருக்கிற அந்தக் கைப்பிடியைப் பற்றி.

சைக்கிளின் ஹேண்டில்பாரை எந்த ஊரில் இடது பக்கம் திருப்பினாலும் சைக்கிள் இடது பக்கம்தான் போகும். மிதி படகில் அப்படி ஒரு உத்தரவாதம் இல்லை. ஒரு மலை ஏரியில் (பெயர் வேண்டாம்) நானும் என் மனைவியின் தம்பியும் ஏறிய படகில் கைப்பிடியை வலது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் போனது. நல்லது என்று மனதில் பதித்துக்கொண்டோம். அடுத்த முறை அதே துறையில் வேறு நம்பர் படகு. இவன் கைப்பிடியை வலது பக்கம் தள்ளுகிறான், படகு நிதானமாக இடது பக்கம் சாய்ந்து, பாட்டியும் பேரப் பிள்ளைகளுமாக எதிரே வந்த ஒரு படகை நோக்கிப் போகிறது.

“வலது பக்கம் தள்ளுடா!”

“வலது பக்கம்தான் மாமா தள்ளியிருக்கேன்! நீங்களே பாருங்க!”

எதிர்ப் படகிலிருந்தும் அதே வாக்குவாதம் கேட்டது. இரண்டு படகுகளும் மெதுவாக, தப்பிக்க வழியில்லாமல், மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. பேரப் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். கரைக்கு வந்து விசாரித்தால், படகைக் கொக்கியால் இழுத்துக் கட்டிய தம்பி அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்: “அந்த நம்பர் அப்படித்தாண்ணா. ரெண்டு நிமிஷத்துல பழகிடும்.” அதாவது விஷயம் அவர்களுக்குத் தெரியும். ஏறுகிறவருக்குச் சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

ஏன் இப்படி என்று கட்டி வைத்திருந்த படகுகளைக் குனிந்து பார்த்தேன். கைப்பிடியின் அடியிலிருந்து ஒரு கம்பி பின்னால் ஓடி, சுக்கானின் தலையில் இருக்கும் கொம்பைப் பிடித்திருக்கிறது. கொம்பின் இடப்பக்கத்தில் மாட்டினால் ஒரு திசை, வலப்பக்கத்தில் மாட்டினால் நேர் எதிர்த் திசை. துருப்பிடித்த கம்பியைக் கழற்றிப் புதிதாக மாட்டும்போது பக்கம் மாறிவிட்டாலும் படகு மிதக்கும், ஓடும், திரும்பும். எனவே யாரும் கவனிப்பதில்லை. இன்னொரு வகை இன்னும் மோசம். அதில் கைப்பிடி இடம் வலம் அசையாது. முன்னுக்கும் பின்னுக்கும்தான் அசையும். முன்னால் தள்ளினால் எந்தப் பக்கம் என்பதை ஊகிக்கக்கூட வழியில்லை.

இது ஏதோ ஏரிக்கரைச் சில்லறைப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். பெரிய கப்பல்களிலேயே இந்தக் குழப்பம் இருந்தது. பழைய காலத்தில் சுக்கானைத் திருப்பும் கட்டையை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அதற்கு எதிர்ப் பக்கம் கப்பல் திரும்பும். அந்தப் பழக்கத்தில் சக்கரம் வந்த பிறகும், கப்பல் இடது பக்கம் திரும்ப வேண்டுமானால் “வலது” என்றே பல நாட்டு அதிகாரிகள் உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். டைட்டானிக்கில் பனிப்பாறையைக் கண்டதும் கொடுத்த உத்தரவும் அந்த வழக்கப்படிதான். கடைசியில் 1929-இல் லண்டனில் நடந்த கடல் பாதுகாப்பு மாநாட்டில், சொல்கிற பக்கமும் கப்பல் போகிற பக்கமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று நாடுகள் முடிவு செய்தன. உலகக் கப்பல்கள் ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்னால் தீர்த்துக்கொண்டதை, எங்கள் மலை ஏரியின் நாற்பது சொச்சம் ஃபைபர் படகுகள் இன்னும் தீர்த்துக்கொள்ளவில்லை.

பிரிட்டனின் கால்வாய்களில் ஒடுக்கமான நீளப் படகை வாரக் கணக்கில் வாடகைக்கு எடுத்து, லைசென்ஸ் இல்லாமலே குடும்பத்தோடு ஓட்டிப் போகிறார்கள். அதில் இன்றும் பழைய கட்டைதான். படகு வலது பக்கம் போக, கட்டையை இடது பக்கம் தள்ள வேண்டும். ஆனால் எல்லாப் படகிலும் அதே விதி. ஒப்படைக்கும் முன் துறைக்காரர் கூடவே நின்று ஓட்டிக் காட்டுகிறார். வேக வரம்பும் மணிக்கு 4 மைல்தான். தலைகீழாக இருப்பதில் தவறில்லை, எல்லாம் ஒரே மாதிரி தலைகீழாக இருந்தால் போதும். ஓட்டுகிறவருக்கு அது தெரிந்திருக்கவும் வேண்டும்.

பக்கம் பிடிபட்டாலும் கைப்பிடியோடு வழக்கு தீராது. அடுத்தது தாமதம். எருமையைக் கயிறு பிடித்துத் திருப்புகிற மாதிரி. நாம் இழுத்த பிறகு அது யோசித்துத்தான் திரும்பும். படகு திரும்பவில்லையே என்று கைப்பிடியை இன்னும் அழுத்துவார்கள். அதற்குள் முதலில் தள்ளியதன் பலன் வந்து சேரும், படகு தேவைக்கு மேல் சுழன்றுவிடும், அதைச் சரிசெய்ய எதிர்ப்பக்கம் இழுப்பார்கள். கரையிலிருந்து பார்த்தால் ஏரி முழுக்கப் படகுகள் பாம்பாக நெளிந்துகொண்டிருப்பது இதனால்தான். வழி ஒன்றே ஒன்று: கொஞ்சமாகத் தள்ளி, காத்திருந்து, மூக்கு திரும்ப ஆரம்பித்ததுமே நேராக்கிவிட வேண்டும்.

தாமதத்தோடு ஒரு தந்திரமும் சேர்ந்திருக்கிறது. சுக்கான் என்பது தண்ணீர் தன்மேல் ஓடினால் மட்டுமே வேலை செய்யும் பலகை. மிதிப்பதை நிறுத்தினால் ஓட்டம் குறையும், கைப்பிடி செத்துவிடும். மோதப் போகிறோம் என்றதும் எல்லோரும் முதலில் செய்வது காலை நிறுத்துவதுதான். அதாவது திருப்பும் சக்தி மிக வேண்டிய நேரத்தில் அதைத் தாங்களே அணைத்துவிடுகிறார்கள். பிரேக் என்று ஒன்று கிடையாது. பின்னோக்கி மிதிப்பதுதான் பிரேக். ஆனால் பின்னோக்கிப் போகும்போது சுக்கானை நம்பக் கூடாது. ஆகவே தூரம் இருந்தால் மிதித்துக்கொண்டே திருப்புங்கள். தூரம் இல்லாவிட்டால் திருப்புவதை மறந்து பின்னோக்கி மிதியுங்கள். இந்த இரண்டு வாக்கியத்தை டிக்கெட்டின் பின்பக்கம் அச்சடிக்கலாம். இப்போது அங்கே இருப்பது “நிர்வாகம் பொறுப்பல்ல”.

மூன்றாவது வழக்கு குடும்ப நீதிமன்றத்துக்குப் போக வேண்டியது. கைப்பிடி நடுவில் இருக்கிறது. மிதிக்கிறவர்கள் இரண்டு பேர். ஓட்டுநர் யார் என்று எங்கும் எழுதவில்லை. ஒருவர் கை வைத்திருக்கும்போதே இன்னொருவர் “இரு, நான் பாக்கறேன்” என்று பிடுங்குவார். புதிதாகக் கல்யாணமானவர்களும் இருபது வருஷத் தம்பதிகளும் சண்டை போடுவதில் இங்கே வித்தியாசம் தெரியாது. ஏறும் முன்பே ஒருவரைக் கேப்டன் ஆக்கிவிடுங்கள். மற்றவர் கால் மட்டும்.

வேகத்தைப் பற்றிக் கேட்பீர்கள். நடக்கிற வேகம். இருவரும் வெறிபிடித்து மிதித்தால் சீறிப் பாயும் என்று வாலிபர்கள் நம்புகிறார்கள். தண்ணீரின் எதிர்ப்பு வேகத்தைவிடப் பல மடங்கு விரைவாக ஏறும். இரண்டு மடங்கு உழைத்தாலும் வேகம் கால்வாசிதான் கூடும். மீதி உழைப்பு முழங்காலில் வலியாக நிற்கும். இருக்கையை முன்னே பின்னே நகர்த்த முடியாததால் உயரமானவருக்கு முட்டி மோவாயை இடிக்கிறது, குள்ளமானவருக்குப் பெடல் எட்டவில்லை. குழந்தைகளை முன்னால் உட்கார வைத்தால் மிதி முழுக்க ஒருவர் தலையில்தான்.

காற்று தனி அத்தியாயம். அடிப்பாகம் தட்டை, மேலே கூரை; எனவே காற்றுக்கு இது படகைவிடப் பாய்மரமாகவே படுகிறது. முட்டுக்காட்டில் மதியத்துக்கு மேல் கடல் காற்று எழும்பியதும் படகு கிழக்கே போக மறுத்து மேற்கே நழுவும். முதலில் காற்றை எதிர்த்துப் போய், திரும்பும்போது அது தள்ளிக்கொண்டு வரட்டும். இதைத் தலைகீழாகச் செய்தவர்களைத்தான் மாலையில் மோட்டார் படகு வந்து கயிறு கட்டி இழுத்துப் போகிறது. இந்த விஷயத்தில் என் ஓட்டு கோடைக்கானலுக்கு. 1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் அணை கட்டி உண்டாக்கிய ஏரி அது. நட்சத்திரம் மாதிரிக் கிளை விட்டிருப்பதால், ஒரு பக்கம் காற்று அடித்தால் இன்னொரு கிளைக்குள் ஒதுங்கிக்கொள்ளலாம். 1890-இல் அங்கே தொடங்கிய படகுக் கிளப் வெள்ளைக்காரத் துரைகளின் சமாச்சாரம். அது பொதுமக்களுக்குத் திறந்தது 1932-இல்தான். நமக்குத் தண்ணீர் விளையாட்டுப் பழக்கம் குறைவு என்று குறை சொல்கிறவர்கள் அந்த வருஷக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி வேடிக்கை பேச மாட்டேன். ஈர வாடை அடிக்கும், பக்கிள் உடைந்திருக்கும், “போட்டோவுல நல்லா இருக்காது” என்று வீட்டில் சொல்வார்கள். 2009-இல் தேக்கடியில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று எங்கள் மாவட்டத்துப் பழவேற்காட்டில் 22 பேர். மிதி படகு அவ்வளவு எளிதில் கவிழாது. நடுவில் எழுந்து இடம் மாறுகிறவர்கள்தான் விழுகிறார்கள். பக்கிள் உடைந்ததைக் கொடுத்தால் வேறு கேளுங்கள். பின்னால் வரிசை முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

இத்தனை திட்டிவிட்டு இதைப் பரிந்துரைப்பேனா? கட்டாயம். காலையில் துறை திறந்ததும் முதல் ஆளாக, காற்று எழும்பும் முன், நான்கு இருக்கையை விட்டு இரண்டு இருக்கைப் படகாகக் கேட்டு வாங்குங்கள். கூட்டமும் வெயிலும் ஏறிய ஞாயிறு மதியம் என்றால் மோட்டார் படகில் ஏறிவிடுங்கள். மூட்டுவலிக்காரர்களும் அப்படியே. துறையை விட்டதும் ஆளில்லாத இடத்தில் கைப்பிடியை இரண்டு பக்கமும் ஒரு முறை தள்ளிப் பார்த்து, எது எது என்று தெரிந்துகொண்ட பிறகு நடு ஏரிக்குப் போங்கள். அரை மணி வாடகையில் இரண்டு நிமிஷம் அதற்குப் போகும்.

அந்த இரண்டு நிமிஷம் உண்மையில் நாம் செலவழிக்க வேண்டியதில்லை. சீசன் தொடங்கும் முன் எல்லாப் படகின் கம்பியையும் ஒரே பக்கமாக மாட்டி, கைப்பிடிக்குக் கீழே சிவப்பில் ஒரு அம்புக்குறி வரைந்தால் போதும். அன்னத்தின் மூக்குக்கு ஆண்டுதோறும் அடிக்கிற பெயின்டில் மிச்சமானதே அதற்குத் தாராளம்.