மனுஷ மீட்டரும் பூனையின் காதும்

சர்க்கரை நோய் வந்த பூனையை வீட்டில் கவனிப்பது பற்றி இணையத்தில் கிடைக்கும் கையேடுகளைப் படித்தால், பெரும்பாலானவற்றில் ஒரு வரி வரும்: மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் வேண்டாம், பூனைக்கென்று செய்த மீட்டரையே வாங்குங்கள். அறிவியல்படி இதில் தவறு இல்லை. ஆனால் சாலவாக்கத்தில் உட்கார்ந்து படிக்கும் எனக்கு இது பாதி அறிவுரையாகத்தான் படுகிறது. மீதிப் பாதி இல்லாததால் என்ன கெடுகிறது என்று யோசித்ததுதான் இந்தக் குறிப்பு.

முதலில் அந்த வரியின் நியாயத்தைப் பார்த்துவிடலாம். குளுக்கோமீட்டரில் நாம் வைப்பது முழு ரத்தம். அதை வைத்து பிளாஸ்மாவில் எவ்வளவு சர்க்கரை இருக்கும் என்று மீட்டர் ஒரு கணக்குப் போடுகிறது. மனித ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸில் சுமார் 58 சதவீதம் பிளாஸ்மாவிலும் 42 சதவீதம் சிவப்பணுக்களிலும் இருக்கிறது. பூனைக்கு அது சுமார் 93க்கு 7. மனுஷக் கணக்கைப் பூனை ரத்தத்தின் மேல் போட்டால், வரும் எண் பொதுவாக உண்மையைவிடக் குறைவாக இருக்கும்.

சரி, பிழை இருக்கு. எந்தப் பக்கம் இருக்கு என்பதுதானே முக்கியம்? இன்சுலின் போடும் பூனையைச் சில மணி நேரத்தில் கொல்லக்கூடியது லோ சுகர். ஒரு நாள் சர்க்கரை 350 இருப்பதைவிட, ஒரு ராத்திரி 40க்கு இறங்குவது ஆபத்து. குறைத்துக் காட்டும் மீட்டர் 'ஊசியைக் குறை' என்ற பக்கம்தான் நம்மைத் தள்ளும். அதாவது பிழை பெரும்பாலும் பாதுகாப்பான பக்கம் சாய்ந்திருக்கிறது. 'வேண்டாம்' என்று முடித்துவிடும் கையேடு வாசகரிடம் இதைச் சொல்வதில்லை.

விதிவிலக்கும் உண்டு, அதையும் சொல்லணும். ரத்தசோகை உள்ள பூனையில் மீட்டர் கூட்டிக் காட்டலாம். தெள்ளுப்பூச்சி மொய்க்கும் பூனைக்கும், சிறுநீரகம் கெட்ட கிழட்டுப் பூனைக்கும் ரத்தசோகை வரும். அங்கே பிழையின் திசையே மாறிவிடுகிறது. அதனால் ஈறு வெளுத்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது.

இப்போது எங்கள் ஊர் நிலைமை. மனுஷ மீட்டரும் ஸ்ட்ரிப்பும் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். பூனை மீட்டருக்கு ஆன்லைனில் ஆர்டர் போட்டுக் காத்திருக்கணும், ஸ்ட்ரிப் தீர்ந்தால் மறுபடியும் காத்திருக்கணும். கிராமத்துக் கால்நடை மருந்தகங்களின் அன்றாட வேலை மாடும் ஆடும்தான். பெரிய ஆஸ்பத்திரி என்றால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி. பூனையைக் கூடையில் அடைத்து, பஸ் மாறி அங்கே கொண்டு போய் ரத்தம் எடுத்தால் வரும் எண்ணை எவ்வளவு நம்பலாம்? பயத்தால் மட்டுமே பூனைக்குச் சர்க்கரை ஏறும். நோயே இல்லாத பூனைக்குக்கூட 300 தாண்டலாம். அந்த எண்ணைப் பார்த்து இன்சுலினைக் கூட்டினால், வீட்டுக்கு வந்து பயம் தெளிந்ததும் சர்க்கரை மடமடவென்று இறங்கும். கொஞ்சம் குறைத்துக் காட்டும் வீட்டு எண், பயந்த பூனையின் துல்லியமான எண்ணைவிட உபயோகமானது.

இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. சூரிச் பல்கலைக்கழகத்தில் கிளாடியா ரோய்ஷ் குழுவினர் பூனையின் காது ஓரத்தில் குத்தி, கையடக்க மீட்டரில் பார்க்கும் முறையை 2000-லேயே எழுதினார்கள். 2005-ல் பூனை வளர்ப்பவர்களே வீட்டில் செய்ததைப் பற்றியும் எழுதினார்கள்.

சிறுநீர் ஸ்ட்ரிப் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ரத்தத்தில் சுமார் 250 தாண்டிய பிறகுதான் பூனையின் சிறுநீரில் சர்க்கரை தெரியும். 60-க்கும் 180-க்கும் வித்தியாசமே காட்டாத ஸ்ட்ரிப்பை வைத்து ஊசி அளவை முடிவு செய்ய முடியாது.

நம்ம பக்கத்துக்கென்று இன்னும் இரண்டு ஆபத்துகள் இருக்கு. ஒன்று சாப்பாடு. பால்சோறும் தயிர்சோறும் தின்று வளரும் பூனைகள் இங்கே அதிகம். பூனை அடிப்படையில் மாமிச உண்ணி. சோற்றை நிறுத்தி மீன், கோழி, முட்டைக்கு மாற்றினால் இன்சுலின் தேவை வேகமாகக் குறையலாம். சில பூனைகளுக்கு ஊசியே தேவையில்லாமலும் போகும். சாப்பாட்டை மாற்றிவிட்டுப் பழைய அளவிலேயே ஊசி போட்டால், நல்லது செய்யப் போய்ப் பூனையை இழப்போம். சாப்பாடு மாறும் அந்த வாரங்களில் வீட்டு மீட்டர்தான் காவல்.

இரண்டாவது சிரிஞ்சு. நம் நாட்டில் இன்சுலின் 40 யூனிட் வயலாகவும் கிடைக்கும், 100 யூனிட்டாகவும் கிடைக்கும். முதலாவதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, இரண்டாவதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் கிளார்ஜினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு கோடு எடுத்தால் உள்ளே போவது 2.5 யூனிட். பல பூனைகளுக்கு ஆரம்ப அளவே வேளைக்கு ஒரு யூனிட்தான். மீட்டர் பிழைக்கு இவ்வளவு பயப்படும் கையேடுகள் இரண்டரை மடங்குப் பிழைக்கு முதல் பக்கத்திலேயே இடம் தர வேண்டாமா?

குத்துவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை, சூடு பொறுக்கும் பதத்தில், காதில் ஒற்றினால் ரத்தம் ஓடி வரும். ஓரத்தில் துளி வாஸலின் தடவினால் ரத்தம் முடியில் பரவாமல் முத்தாக நிற்கும். காதுக்குப் பின்னால் பஞ்சு வைத்து லான்செட்டால் குத்தி, துளியை ஸ்ட்ரிப் இழுத்ததும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் போதும். அப்புறம் ஒரு துண்டு மீன்.

என்னைக் கேட்டால் அந்த வரியை இப்படித் திருத்தி எழுதுவேன்: பூனை மீட்டர் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஒரே மனுஷ மீட்டரை விடாமல் பயன்படுத்துங்கள், எண்ணை நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள், எந்த மீட்டர் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். புதிதாகத் தொடங்கியவர்கள், ஊசிக்கு முன் 200-க்குக் கீழே இருந்தால் அவரைக் கேட்காமல் ஊசி போடாதீர்கள். பார்க்காமல் மட்டும் எந்த வேளையும் போடாதீர்கள்.