வெண்டர் கோடு கிடைத்த பிறகு

ஓசூரின் ஜூஜுவாடியில் ஷெட் வாடகைக்குப் பிடித்துத் தொழில் தொடங்க வருபவருக்குப் பழைய ஆட்கள் சொல்லும் யோசனை ஒன்றுதான்: முதலில் ஒரு பெரிய கம்பெனியின் வெண்டர் கோடு (சப்ளையர் பதிவு எண்) வாங்கு, மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. டி.வி.எஸ். 50 மொபெட்டும் அசோக் லேலண்டின் ஓசூர் ஆலையும் 1980-இல் வந்தன. டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் அதே பத்தாண்டில் வந்தது. ஓசூர்ப் பட்டறைகள் பலவும் இப்படிப்பட்ட ஆலைகளின் ஜாப் ஒர்க்கில்தான் கால் ஊன்றின. டெலிவரி சலானோடு வார்ப்பு வந்து இறங்கும். கடைந்து, துளை போட்டு, கேஜ் வைத்துப் பார்த்துத் திருப்பினால் கூலி. இரும்பு விலை ஏறினாலும் தலைவலி நமக்கில்லை. விற்க ஆள் வேண்டாம். டிராயிங்கில் மைக்ரான் பிசகினால் லாட் முழுக்கத் திரும்பி வரும் என்ற பயத்தில் படியும் ஒழுங்கை எந்தப் பயிற்சி வகுப்பாலும் தர முடியாது.

குறை அந்தக் கூலியிலேயே இருக்கிறது. சைக்கிள் டைமைக் கம்பெனியே அளந்து, மெஷின் மணி ரேட்டால் பெருக்கி விலை வைக்கும். நீங்கள் புது டூல் போட்டுப் பத்து விநாடி மிச்சம் பிடித்தால், அடுத்த விலைப் பேச்சில் அது அவர்கள் கணக்குக்குப் போய்விடும். டிராயிங்கும் பொருளும் அவர்களுடையவை, பல இடங்களில் ஃபிக்சரும்கூட. வருடக்கணக்கில் ஓட்டியும் சொந்தமாக விற்க ஒன்றும் இருக்காது. 2019 செப்டம்பரில் அசோக் லேலண்ட் தன் ஓசூர் ஆலைகளுக்கு 5 வேலையில்லா நாட்களை அறிவித்தது. வெளியே காத்திருக்கும் பட்டறைக்கு வங்கி அப்படித் தவணை விடுமுறை எதுவும் அறிவிப்பதில்லை.

பண வசூல் தனிக்கதை. 2006-இன் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, ஒப்பந்தம் என்ன சொன்னாலும் 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல 3 மடங்கு கூட்டு வட்டி. ஆனால் இருக்கிற ஒரே வாடிக்கையாளரிடம் வட்டி கேட்க யாருக்குத் துணிவு வரும்? 2023 நிதிச் சட்டம் வருமான வரியில் சேர்த்த 43பி(எச்) பிரிவு இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடு தாண்டி நிலுவை வைத்தால், பணம் கொடுத்த ஆண்டில்தான் அதை வாங்கியவர் செலவாகக் காட்ட முடியும். நாம் வாய் திறக்காமலே அவர்களுடைய ஆடிட்டர் நமக்காகப் பேசுவார். அதற்காகவே சிறுதொழில் பதிவான உத்யம் எண்ணை பில்லில் அச்சிட வேண்டும். கேட்டில் தேதியோடு சீல் வாங்காமல் வண்டியைத் திருப்பவும் கூடாது. எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் நாள் எண்ணுவது அந்தத் தேதியிலிருந்துதான்.

எந்த வாடிக்கையாளரும் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று மேடையில் சொல்வார்கள். இரண்டு மெஷின்காரருக்கு அது ஆகிற காரியமில்லை. செட்டிங் மாற்றுவதிலேயே ஷிப்ட் போய்விடும். முதல் மெஷின் கடன் அடையும்வரை ஒரே கம்பெனி போதும் என்பேன். ஆர்டரைக் கூட்டித் தருகிறோம், இன்னொரு மெஷின் போடுங்கள் என்று அதே கம்பெனி சொல்லும்போதுதான் உஷாராக வேண்டும். அந்த இரண்டாவது மெஷின் பம்ப், வால்வு என்று வேறு துறைக்கு ஓடட்டும். ஏனென்றால் வாகனத் துறையே மாறுகிறது: மின் ஸ்கூட்டருக்குப் பிஸ்டன் தேவையில்லை. ஏதர் ஓசூரிலேயே, ஓலா போச்சம்பள்ளிப் பக்கம் அந்த வண்டிகளைச் செய்கின்றன.

அந்த வேறு துறையைத் தேடி ஜூஜுவாடிக்காரர் தூரம் போக வேண்டாம். கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளியைத் தாண்டினால் பொம்மசந்திரா, ஜிகனி தொழிற்பேட்டைகள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் சோதனைச்சாவடியில் வரிக் காகிதத்தோடு லாரி காத்துக்கிடந்த காலம் முடிந்தது. ஆனால் மாநிலம் தாண்டி ஜாப் ஒர்க்குக்கு வரும் சரக்குக்கு, மதிப்பு ரூ.50,000-க்குக் கீழே இருந்தாலும், இ-வே பில் கட்டாயம். அனுப்புகிறவரும் போடலாம், பதிவு பெற்ற பட்டறைக்காரரும் போடலாம். யார் போடுவது என்பதை முதல் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதி வாங்கிவிட்டால், வண்டி மடக்கப்படும் நாளில் போனில் சண்டை போட வேண்டியிருக்காது.